நோட்ஸில் இல்லாத வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழுக்கு வினாத்தாள் அமைப்போருக்கும் விடைக்குறிப்பு எழுதுவோருக்கும்,

வணக்கம்.

திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை இந்த முறை பள்ளிகளுக்குள் மாற்றித் திருத்தினோம். எங்கள் பிள்ளைகளின் கட்டு வேறொரு பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தது. அதிலிருந்த ஒரு தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

கேள்வி நீங்கள் அறிந்ததுதான். உங்கள் ஊரில் நடைபெற்ற அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்த நிகழ்வைக் கட்டுரையாக்க வேண்டும். 8 மதிப்பெண். சென்னைத் தீவுத்திடலில் பொருட்காட்சி நடக்கிறது, இன்னும் சில பெரிய ஊர்களில் நடக்கிறது. எங்கள் ஊரில் நடந்ததில்லை. ஆனாலும் என் வகுப்பில் எல்லாரும் போய் வந்துவிட்டார்கள். ஒரே மாலையில், ஒரே நுழைவாயில் வழியாக நுழைந்து, ஒரே டெல்லி அப்பளத்தைத் தின்று, ஒருவர் பாக்கியில்லாமல் 'மட்டற்ற மகிழ்ச்சி' அடைந்து வீடு திரும்பினார்கள். நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. 'எங்கள் ஊரில் பொருட்காட்சி நடந்ததில்லை. மாரியம்மன் தேருக்குக் கடை போடுவார்கள், அதைப் பற்றி எழுதுகிறேன்' என்று தொடங்கியிருந்தாள். அவள் எழுதியதில் நாலு வரியை அப்படியே தருகிறேன்: 'வளையல்காரர் என் கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையலைப் போட்டுவிட்டார். அம்மா விலையைக் கேட்டுவிட்டு, கழற்று என்றார். கழலவில்லை. கடைக்காரர் சோப்புத் தண்ணீர் எடுத்துவரப் போனார், அம்மா அவர் வருவதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணத் தொடங்கிவிட்டார்.'

வறுமை என்ற சொல் அதில் இல்லை. அம்மாவின் பாசம் என்றும் இல்லை. இரண்டும் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க எனக்கு வருடக்கணக்கில் ஆசை. அந்தப் பெண் தானாகவே எழுதிவிட்டாள்.

கிடைத்தது 8க்கு 3. ஓரத்தில் சிவப்பு மையில் 'உட்தலைப்பு இல்லை, குறிப்புகள் இல்லை'. திருத்திய ஆசிரியர்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் இருந்த விடைக்குறிப்பு முன்னுரைக்கு இவ்வளவு, உட்தலைப்புக்கு இவ்வளவு, முடிவுரைக்கு இவ்வளவு என்கிறது. பாவம், அவர் என்ன செய்வார்? தாளைக் கொடுத்தபோது அந்தப் பெண் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "அடுத்த பரீட்சைக்கு நோட்ஸ்ல இருக்கறதையே எழுதிடறேங்கய்யா" என்றாள். ஒரு பிள்ளையை எழுத்திலிருந்து விரட்ட இதற்கு மேல் யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டுரைக்கான விடைக்குறிப்பில், மாணவர் தாமே கண்டதை, தம் சொல்லில் எழுதிய வரிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். 8இல் 3 கொடுங்கள், போதும். மிச்சம் 5ஐ உட்தலைப்புகளுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அதை எப்படி அளப்பது, ஆளுக்கொரு மாதிரி போடுவார்களே என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அளவுகோலைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் அதை எழுதி வைத்துவிட்டார். நூலுக்குப் பத்து அழகு, பத்துக் குற்றம். பத்து அழகில் மூன்றை எடுத்துக்கொண்டால்கூடப் போதும். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், விளங்கு உதாரணத்தது ஆதல். வளையல் கதையில் மூன்றும் இருக்கின்றன. இப்போது குற்றப் பட்டியலைப் பாருங்கள்: கூறியது கூறல், மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயன் இன்மை. நாம் 8க்கு 7 போடுகிற பொருட்காட்சிக் கட்டுரைகளில் இவற்றில் எது இல்லை? பகுபத உறுப்பிலக்கணம் கேட்கும்போது நமக்கு நன்னூல் வேண்டியிருக்கிறது. கட்டுரைக்கு வந்ததும் பவணந்தியார் வெளியே நிற்க வேண்டியதுதானா?

பாடநூலைக் குறை சொல்ல மாட்டேன். 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு' பகுதிகளை ஆசையோடு நடத்துகிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் வருகின்றன. அவற்றில் எழுதிப் பழகிய பிள்ளைகள்தாம் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு மனப்பாடத்தில் இறங்குகிறார்கள். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற கேள்விக்கு என்ன நடக்கிறது தெரியுமா? எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற ஒரே கவிதையைப் படித்துக்கொண்டு வருகிறார்கள். படத்தில் மரம் நட்டாலும் அதே கவிதை, வெள்ளம் வந்தாலும் அதே கவிதை. காட்சியைக் காணாமலே கவினுற எழுதுகிற திறமையை நாம்தான் வளர்த்திருக்கிறோம்.

பிள்ளைகளைச் சொல்லி என்ன? எங்களுக்கு நடக்கும் பயிற்சியில் வருகிறவர் திரையில் இருப்பதைத் திரையைப் பார்த்தே வாசிக்கிறார், நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருகிறோம். ஒரு பத்தியை எழுதச் சொல்லி, 'இந்த இரண்டாவது வரி எதற்கு?' என்று எங்களை யாரும் கேட்டதில்லை. சுற்றறிக்கைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'பார்வையில் காணும் செயல்முறைகளின்படி மேற்காண் பொருள் சார்ந்து' என்று தொடங்கும் வாக்கியம் எங்கே முடிகிறது என்று தலைமையாசிரியர் அறையில் நாலு பேர் கூடித் தேடுகிறோம். எளிய தமிழில் எழுதுவதை ஊக்குவிக்கச் சொல்லி வந்த கடிதமும் அந்த நடையில்தான் இருந்தது.

சரி, இதெல்லாம் மற்றொன்று விரித்தல். அதுவும் பவணந்தியார் சொன்ன குற்றம்தான். மன்னியுங்கள்.

உங்கள் வேலையும் லேசானதில்லை என்று தெரியும். விடைத்தாள்கள் மலைபோல வருகின்றன, திருத்த நாள் குறைவு, மறுகூட்டல் கேட்பார்களோ என்ற பயம் வேறு. உட்தலைப்பை எண்ணுவது சுலபம், சொந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கலாம். அடுத்தடுத்து பத்து மனப்பாடக் கட்டுரைகளைத் திருத்திய கண்ணுக்கு, பதினோராவது தாளில் வளையல்காரர் சோப்புத் தண்ணீர் எடுக்கப் போனால் அது தெரியாமலா போகும்?

வரும் பொதுத்தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுத உட்காரும்போது அந்த ஒரு வரியைச் சேருங்கள். கூடவே, பொருட்காட்சி இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு 'அல்லது' என்று போட்டு, அவர்கள் ஊர்ச் சந்தையையோ திருவிழாவையோ எழுதவிட்டால் இன்னும் நல்லது. கேட்டால், அந்த விடைத்தாளின் நகலைப் பெயரை மறைத்து அனுப்பிவைக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு நீங்களே மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர்