பாட்டில் நிறைந்தே திரும்பி வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்தி தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய்க் காலேஜில் படிக்கிறாள். காலை 7.30 மணிக்கு நான் நிரப்பிக் கொடுக்கிற 1 லிட்டர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வருகிறது, அதைக் கொல்லையில் ஊற்றி ஊற்றி கறிவேப்பிலை மட்டும் தளதளவென்று நிற்கிறது. பங்குனி வெயிலில் தொண்டையை நனைக்காமல் எப்படியடி இருக்கிறாய் என்று சத்தம் போட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணும் அப்பத்தா. அங்க ஒரு தடவை நீங்க நின்னு பாருங்க" என்றாள்.

போன மாதம் அவளுக்கு நீர்க்கடுப்பு, கூடவே குளிர்காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்று ஒரு வாரம் மாத்திரை. டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார்: பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. தான், கிருமி சீக்கிரம் மேலே ஏறிவிடும், தண்ணீர் குடித்து அடிக்கடி நீர் பிரிந்தால் அது அடித்துக்கொண்டு போகும், அடக்கினால் உள்ளேயே பெருகும். கல் அடைப்புக்கும் தண்ணீர் குறைவது ஒரு காரணமாம்.

காலேஜ் பிள்ளைகள் பரோட்டாவும் போனுமாக உடம்பைக் கெடுக்கிறார்கள் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். சரி, ராத்திரி ஒரு மணி வரை போன் பார்ப்பது நிஜம்தான், நானும் திட்டுகிறேன். ஆனால் தண்ணீர் குடிக்காத பழக்கம் அவர்களாகப் பிடித்ததில்லை. காலேஜ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி வெளியே நின்று இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருத்தி உள்ளே இருக்க முடியும். பதினோரு மணிக்கு மேல் குழாயில் காற்றுதான் வருகிறது. நாப்கின் போட மூடி வைத்த ஒரு தொட்டிகூட இல்லை, அதனால் மாதத்தில் இரண்டு நாள் லீவு போடுகிறாள். காலேஜுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வந்த வாரம் மட்டும் பினாயில் மணந்ததாம்! ஜூன் 21 யோகா தினத்துக்கு வரிசையாகப் பாய் விரித்துப் போட்டோ எடுக்கத் தெரிகிறது.

தாழ்ப்பாள், தண்ணீர், ஒரு தொட்டி, மத்தியானம் இன்னொரு தடவை கழுவ ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சரியான சம்பளம். கேட்பது இவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. "எங்க காலேஜ் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்று பேத்தி கையைப் பிடித்ததால் போடவில்லை.

நேற்று பாட்டிலில் கால்வாசி குறைந்திருந்தது. பரவாயில்லையே என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போது குடித்தாளாம்.

– ஒரு அப்பத்தா, தேவகோட்டை