அட்டை கிழிபடாமல் திரும்பி வந்த புத்தகம்

எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

புது வீட்டில் பாதி மூட்டை இன்னும் பிரிக்காமலே கிடக்கிறது. அம்மா இன்றைக்குத்தான் முதல் தடவையாக அடுப்படியில் நின்று ரசம் வைத்தாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து இதை எழுதத் தோன்றியது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தது, எங்களை விட்டுப் போனது, அப்புறம் வீடு மாறியது, எல்லாம் உங்களுக்குத் தெரியும், பல நாள் நீங்களும் கூடவே இருந்தீர்கள். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தியோரு நாளும் காலையில் இட்லி அனுப்பிய எதிர்வீட்டு அத்தைக்கு, கேட்காமலே ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் போன இரண்டு கல்லூரிப் பையன்களுக்கு, ராத்திரி டியூட்டியில் அப்பாவைப் பெயர் சொல்லாமல் 'ஐயா' என்றே கூப்பிட்ட நர்ஸ் அக்காவுக்கு, லீவு கணக்கைப் பார்க்காத என் செக்‌ஷன் ஆட்களுக்கு, பதினாறாம் நாள் வரை அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்ட சித்திக்கு. உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். இன்றைக்கு முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் எழுத வந்தது உறையூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றி.

அதற்கு முன்னால் புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்டுக்கு வெளியே அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்ததை நிறையப் பேர் பார்த்தீர்கள். "இந்த நேரத்துல வேற்றுக்கிரகக் கதையா?" என்று சித்தப்பா கேட்டார். சென்னைத் தோழி கூரியரில் அனுப்பியவை அவை. குடும்பக் கதை எதையும் என்னால் தொட முடியவில்லை. எதைத் திறந்தாலும் நாலாம் பக்கத்தில் ஓர் அப்பா வந்துவிடுகிறார். பனி மூடிய வேறொரு கிரகத்தில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கேதான் மூச்சு விட முடிந்தது.

அந்தப் பனிக்கிரகம் உர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் வருவது. வேறு உலகத்திலிருந்து தூதனாக வந்த ஒருவன், அந்த ஊர் ஆளான எஸ்ட்ராவனை ரொம்ப நாள் சந்தேகப்படுகிறான். அவன் சிறை முகாமில் சாகக் கிடக்கும்போது வந்து சுமந்துகொண்டு போவது அதே எஸ்ட்ராவன். அப்புறம் இரண்டு பேரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பெரும் பனிவெளியை நடந்தே கடக்கிறார்கள். எத்தனை நாள் ஆகும், இருக்கும் சாப்பாடு தாங்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். ராத்திரி ஒரே கூடாரத்தில், ஒரே அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விண்கலம், வேற்றுலகம் எல்லாம் பின்னால் போய்விட்டது. எனக்கு நின்றது அந்த அடுப்பும் அளந்து எடுத்த சாப்பாடும்தான்.

இன்னொன்று ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் தி சோயர்'. 1993-இல் வந்த நாவல், ஆனால் கதையில் அந்தப் பெண்ணின் நாட்குறிப்பு 2024 ஜூலையில் தொடங்குகிறது. நான் படித்தபோது அந்தத் தேதி எனக்குப் பின்னால் போயிருந்தது. அதுவே ஒரு மாதிரி உலுக்கியது. கலிஃபோர்னியாவில் மதில் கட்டிக்கொண்டு வாழும் ஒரு தெரு. இது ரொம்ப நாள் நிற்காது என்று பதினைந்து வயது லாரனுக்கு மட்டும் தெரிகிறது. எப்போது வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பையைத் தயாராக வைத்திருக்கிறாள். தீப்பெட்டி, சின்னப் பாத்திரம், மாற்றுத்துணி, கொஞ்சம் காசு. கடைசியில், எல்லாம் எரிந்து, எங்கோ வடக்கே போய்ச் சேர்ந்தபிறகு, அந்தப் பையில் விதைகளும் இருப்பது தெரிகிறது. சோளம், தக்காளி, கத்திரி, பூசணி. அந்தப் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பயந்து ஓடுகிறவள் கத்திரி விதையை எடுத்து வைத்திருக்கிறாள்!

இதையெல்லாம் படித்தவள் என் வீட்டைக் காலி செய்யும்போது என்ன செய்தேன் தெரியுமா? காலி செய்யப் பதினைந்து நாள்தான் தவணை. அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்க்க மனசு வரவில்லை. இருந்ததை அப்படியே சாக்கில் போட்டு, பதினோரு மூட்டை, பேப்பர் கடை அண்ணனை வரச்சொல்லிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அவரோடு சண்டை வேறு. தராசு முள்ளைப் பார்த்து, எடையில் அடிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். "சரியா போடுங்கண்ணே" என்று இரண்டு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை கொஞ்சம் கடுமையாகவே. அவர் ஒன்றும் பதில் பேசாமல் மூட்டையை இறக்கி மறுபடியும் நிறுத்துக் காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார். உறையூரிலிருந்து திருவெறும்பூர் வரைக்கும் அந்த வெயிலில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்திருக்கிறார். எங்கள் சாமானை ஏற்றி வந்த லோடு ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்து வழி கேட்டிருக்கிறார். கையில் மஞ்சள் பை. உள்ளே சிவப்பு காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்ட ஒரு பைண்டிங்.

பேப்பர் கடையில் பைண்டிங் புத்தகம் வந்தால் முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. அட்டை தனி, பேப்பர் தனி. அப்படிக் கிழிக்கக் கத்தியை வைத்தவர் முதல் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அப்பாவின் கையெழுத்து. பேர், கீழே உறையூர் விலாசம், அதற்கும் கீழே சிவப்பு மையில்: "இரவல் தரப்படாது."

எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து வைத்து, முடிந்ததும் பைண்டு பண்ணியது. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். கடையில் வாங்கும் புத்தகத்தில் கிடைக்காதது இதில் இருக்கும், பக்க ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்ட விளம்பரம், முதுகுப்புறத்தில் வேறு யாரோ எழுதிய கதையின் நடுப்பாகம். அப்பா பென்சிலில் அங்கங்கே கோடு போட்டிருக்கிறார். ஜீனோ பேசும் இடத்திலெல்லாம் ஒரு சின்ன டிக். இயந்திர நாய், ஆனால் புத்தகம் படிக்கும், யோசிக்கும், கதாநாயகி நிலாவுக்கு வழி சொல்லும். எனக்கு ஏழு வயதில் அப்பா ஜீனோவின் குரலில் படித்துக் காட்டுவார். அந்தக் குரல் இப்போது இந்த டிக் மார்க்குகளில்தான் இருக்கிறது. அதைத்தான் நான் கிலோ கணக்கில் போட்டிருந்தேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றார். "ஐயா கையெழுத்து போட்டிருந்துச்சு பாப்பா. தெரியாம போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்." காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பெட்ரோலுக்காவது என்றேன். தலையை ஆட்டிவிட்டார். தண்ணீர் மட்டும் குடித்தார். செருப்பைப் போடும்போது, கொஞ்சம் தயங்கி, "கடைல உக்காந்து நாலஞ்சு வாரத்துக் கதைய படிச்சுட்டேன். அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு பாப்பா?" என்று கேட்டார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். சரியாகப் பதில் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்றேண்ணே" என்று ஏதோ சொன்னதாக ஞாபகம். அவர் சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடைக்காக நான் பேசிய பேச்சுக்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பத்து நாளாக அது என்னை உறுத்துகிறது.

யோசித்துப் பார்த்தேன், இந்த மூன்று மாதத்தில் நான் படித்த எதிலும் ஆட்கள் உலகத்தை மாற்றியதால் தப்பிக்கவில்லை. யாரோ ஒருவர், செய்ய வேண்டிய கட்டாயமே இல்லாதவர், ஒரு பொருளையோ ஆளையோ தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்கிறார். எஸ்ட்ராவனைப் பற்றிப் படிக்கும்போது இவ்வளவு நல்லவர் கதையில்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அண்ணன் எனக்கு என்ன கடன்பட்டிருந்தார்? கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது. கிழித்துப் போட்டிருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை.

ஜீனோவின் கதை அந்தத் தொடரோடு நிற்கவில்லை. 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்த பாகம் இருக்கிறது. நேற்று அலுவலகம் முடிந்து சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போய் அதை வாங்கி வந்துவிட்டேன். வரும் ஞாயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டு உறையூர் போகிறேன். புதியது அவருக்கே. பைண்டிங்கை இரவலாகக் கொடுக்கப் போகிறேன், அவர் விட்ட இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறார், அங்கிருந்து படிக்கட்டும். அம்மாவிடம் சொன்னேன். சிவப்பு மை எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "அவருக்குக் குடுக்கலாம்," என்றாள். "உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."