பார்சல் திரும்பி வந்துவிட்டது சாமி

தாராபுரம்
9.10.2025

அன்புள்ள கார்த்தி சாமிக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லலாம்தான். நீ எடுக்கும்போதெல்லாம் பின்னால் வண்டிச் சத்தமாக இருக்கிறது, அப்புறம் பேசறேன்ப்பா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

ஆயுத பூசைக்கு முன்னால் உங்கம்மா உன் ஆபீசுக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. கச்சாயமும் பருப்புப் பொடியும் வைத்திருந்தாள். மேலே 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது. விலாசத்தை நான்தான் தப்பாக எழுதியிருப்பேன். உங்கம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சரியான விலாசத்தை எழுதி அனுப்பு. ரூம் விலாசமாக இருந்தாலும் சரி.

இங்கே எல்லாரும் சுகம். புரட்டாசி என்பதால் கறிக்கு யாரும் சேவல் கேட்டு வருவதில்லை, ஆனால் குஞ்சு வாங்குகிறவர்களுக்குப் புரட்டாசியும் இல்லை, மார்கழியும் இல்லை. போன மாதம் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு 62 போயிற்று. ஒரு மாதக் குஞ்சு 180 ரூபாய். 11,160 வந்தது. தீவனம், மருந்து, கரண்டு எல்லாம் சேர்த்து நாலாயிரம் போனாலும் ஏழாயிரம் நிற்கிறது. தாய்க்கோழி பதினாலே பதினாலுதான். இதை ஏன் உனக்குக் கணக்குப் போட்டு எழுதுகிறேன் என்றால், இந்த மாதத்திலிருந்து நீ பணம் அனுப்ப வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கு இது போதும், மிச்சமும் ஆகிறது. உன் பணத்தை உன்னிடமே வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் பழைய கோழி நோட்டைப் பரணிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டுதான் எல்லாம் செய்கிறேன். எட்டாவது படிக்கும்போது நீ கோடு போட்டு எழுதியது. வெள்ளைக் கழிச்சல் நோய் வராமலிருக்க ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, இருபத்தெட்டாம் நாள் மறுபடியும், எட்டு வாரத்தில் இறக்கை ஊசி என்று எழுதி, மருந்து வாங்கினால் ஐஸ் டப்பாவில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கிறாய். போன வருசம் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே சொன்னதில் பாதிக்கு மேல் உன் நோட்டில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் காட்டி என் மகன் எழுதியது என்று சொன்னேன். அவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சேவலை மாற்றினால் மூன்று வாரம் அந்த முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது, பழைய சேவலின் கரு அதுவரை நிற்கும் என்று எழுதியிருக்கிறாய் பார், இந்தத் தொழிலே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. இன்றைக்குச் சுத்தம், அசல் என்று வாட்ஸ்அப்பில் விற்கிறவர்கள் பலர் அந்த மூன்று வாரம் பொறுப்பதில்லை. வாங்கிக்கொண்டு போனவன் ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்த பிறகு பார்த்தால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். நான் அந்த மூன்று வாரத்து முட்டையை வீட்டுக்கும் கடைக்கும் கொடுத்துவிடுகிறேன். அண்ணன் தங்கையைச் சேர்ப்பதில்லை. காலில் வளையம் போட்டு எண் எழுதி வைத்திருக்கிறேன். இதனால் ஆட்கள் திருச்சி, மதுரையிலிருந்தெல்லாம் போன் செய்கிறார்கள். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, வைக்கோல் பரப்பி, பஸ்ஸில் ஏற்றி விடுகிறேன். ஒரு குஞ்சு செத்துப் போனாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வேலை அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 100 முட்டை இன்குபேட்டர் வைத்திருக்கிறேன், கரண்டு போனால் ராத்திரியில் எழுந்து போர்வை போர்த்த வேண்டியிருக்கிறது. குஞ்சுக்குக் குண்டு பல்பு எரிகிறது. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றி இறக்க வேண்டும். உங்கம்மா சாயங்காலம் பழைய பானையில் சாணியும் ஈரச் சாக்கும் போட்டுக் கவிழ்த்து வைப்பாள், காலையில் திறந்தால் கரையான் மொய்க்கும். குஞ்சுகள் அதைத் தின்பதைப் பார்க்க வேண்டும். நீ இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாய். ஷெட்டின் தெற்குப் பக்கம் ஓடு மாற்றி விட்டேன். காலியாகத்தான் இருக்கிறது.

பெங்களூரில் இப்போது வேலை எல்லாம் முன்னைப்போல் இல்லை என்று டிவியில் சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் புரியாது. நீ கெட்டிக்காரன், உனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். வெளியில் வாங்கித் தின்னாதே.

பொங்கலுக்கு வந்தபோது ஷெட்டுக்குள் நீ கால் வைக்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாய். உனக்குப் பிடிக்காமல் போயிற்று என்று உங்கம்மா நினைக்கிறாள். காரணம் எனக்குத் தெரியும். பதிமூன்று வருசமாகத் தெரியும். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு இப்போது நாலாவது தடவை எழுதுகிறேன்.

2011இல் ஈமுக்கோழிக்குப் பணம் கட்டினேன் அல்லவா. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம் அவர்களே தருவார்கள், மாதம் ஆறாயிரம் கையில் என்றார்கள். ஊரில் பாதிப் பேர் கட்டினார்கள். நான் உங்கம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். நிலத்து வருமானத்தில் கட்டியதாக அவளிடம் சொல்லியிருந்தேன். 2012 ஆடியில் தீவனம் வருவது நின்றது, ஆபீசைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போய் நின்றவர்களில் நானும் ஒருவன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. தீவன வண்டி தாமதம், அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வண்டி எடுத்து வெளியே போவேன். போவதற்கு ஒரு இடமும் கிடையாது. அமராவதி ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் வேலை முடிந்தது போல வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். அந்தச் சோறு தொண்டையில் இறங்கினது எனக்குத்தான் தெரியும்.

ஆறு பறவையும் பசியில் கம்பி வலையைக் கொத்தின. தீனி வாங்கக் கையில் நூறு ரூபாய் இல்லை. ஆவணியில் நீ அம்மிச்சி ஊர் நோம்பிக்குப் போயிருந்தாய். அந்த மூன்று நாளில் உன் கோழிகளை விற்றேன். பதினாலு கோழி, உன் காகச் சேவல், இரண்டு பட்டாச் சேவல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம். ஈமு ஒரு மாதம் தின்றது. அவ்வளவுதான்.

நீ வந்து கேட்டபோது வெள்ளைக் கழிச்சல் வந்து எல்லாம் போய்விட்டது, கிணற்று மேட்டில் புதைத்துவிட்டேன் என்றேன். நீ அழவில்லை. நோட்டை எடுத்து வந்து காட்டினாய். ஊசி போட வேண்டிய வாரத்தில பரீட்சைன்னு தள்ளிப் போட்டுட்டேன், அதனாலயாப்பா என்று கேட்டாய். நான் தலையை ஆட்டினேன் கார்த்தி. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பத்தாவது படிக்கிற பிள்ளை தலையில் அதை ஏற்றி வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ ஒரு குஞ்சைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

உன் கோழிகள் சாகவில்லை சாமி. ஒன்றுகூடச் சாகவில்லை. ஊசி தள்ளிப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. உன் மேல் ஒரு தப்பும் கிடையாது.

நகை விஷயம் மூன்று மாதம் கழித்து அடகுக் கடை நோட்டீஸ் வந்துதான் உங்கம்மாவுக்குத் தெரிந்தது. நகை போனதற்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூணு மாசம் தனியா உக்காந்திருந்தீங்களே, என்கிட்ட சொன்னா என்ன என்றுதான் கேட்டாள். இன்றைக்கும் கேட்கிறாள். கோழி விஷயத்தைப் போன வாரம்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

உன் சேவலை அன்றைக்கு வாங்கினவர் ஊருக்குப் போன வருசம் போனேன். அவர் வீட்டில் அந்த வம்சம் இன்னும் நிற்கிறது. அதே கிளிமூக்கு, அதே விசிறிவால், காகக் கருப்பு. இன்னார் மகன் வளர்த்தது என்று சொல்லி ஒரு சேவலும் இரண்டு கோழியும் வாங்கி வந்தேன். விலை குறைத்துத்தான் கொடுத்தார். திண்டுக்கல் கண்காட்சிக்குப் போகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 30,000 தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. லட்சத்துக்குப் போகிறது என்று பேச்சு அடிபடும், அந்தப் பேச்சை நம்பி யாரும் இதில் இறங்கக் கூடாது, பத்துக் குஞ்சில் ஒன்று தேறினால் பெரிது. ஆனால் இந்தச் சேவல் விற்பனைக்கு இல்லை. இன்னும் பேர் வைக்கவில்லை.

இந்த மாதம் முதல் தேதி அதனோடு சேர்ந்த கோழிகளின் முட்டை பதினொன்றை அடை வைத்தேன். இன்குபேட்டரில் வைக்க மனம் வரவில்லை, சாம்பல் கோழிக்கே வைத்தேன். நேற்று டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை, ஒன்பது நன்றாக இருக்கிறது. 20ஆம் தேதி தீபாவளி, 22ஆம் தேதி பொரிப்பு. இரண்டு நாள் சேர்த்து இருக்கிற மாதிரி வா. லீவு அது இது என்று யோசிக்காதே, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். நானும் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

பஸ் ஏறினதும் ஒரு போன் போடு. எத்தனை மணியானாலும் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன்.

அப்பா

கச்சாயத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். பருப்புப் பொடி அப்படியே இருக்கிறது. வர முடியாவிட்டால் விலாசம் மட்டும் எழுது, மறுபடியும் அனுப்பி வைக்கிறேன். பணம் அனுப்பாதே.