சொட்டுகளை எண்ணக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எட்டாம் வகுப்பு மாணவர்கள் பள்ளியின் தண்ணீர்க் கணக்கை எடுத்து முடித்துவிட்டார்கள். அதற்குத் துணைநின்ற உங்களுக்கு, அவர்களுடைய அறிவியல் ஆசிரியை எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி எங்கள் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தொட்டி நிரம்பி வழிகிறது என்பதெல்லாம் உங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். நாங்கள்தான் கேட்டதில்லை. நீங்கள் காட்டிய குழாயின் கீழ் மாணவர்கள் அளவுக் குவளையை வைத்தார்கள். பத்து நிமிடத்தில் 150 மில்லி லிட்டர் சேர்ந்தது. பெருக்கிப் பார்த்தால் நாளுக்கு 21.6 லிட்டர், ஆண்டுக்கு 7,884 லிட்டர். விடையை நம்ப முடியாமல் ஒரு மாணவி மூன்று முறை பெருக்கினாள். ஒரு குழாய்க்கே இவ்வளவா என்று அவள் கேட்டபோது வகுப்பே அமைதியானது.

பிளம்பர் ஐயா, விடுமுறை நாளில் கூலி வாங்காமல் வந்தீர்கள். அதைவிடப் பெரிது, நீங்களே சரிசெய்துவிட்டுப் போகாமல் ஸ்பேனரைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. தேய்ந்த வாஷரைக் கழற்றிப் புதியதை மாட்ட அவர்கள் உங்களிடம்தான் கற்றார்கள். கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் உணவு நிறமியைக் கரைத்துவிட்டு, அரைமணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் காத்திருக்கச் சொன்னீர்கள். கழிவறைக் கோப்பையில் நிறம் இறங்கியபோதுதான் சத்தமே இல்லாமல் தண்ணீர் கசிவதைக் கண்டோம். 1977இல் இன்றைய ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் கூட்டிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்விக்கு விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்து நோக்கங்களை வகுத்தது. இத்தனை காலமும் என் பாடம் முதல் இரண்டோடு நின்றுவிட்டது. மற்றவற்றுக்கு வழி திறந்தவர் நீங்கள்.

குழாய்கள் எல்லாம் மூடிய பிறகு இரவிலும், திறப்பதற்கு முன் காலையிலும் மீட்டர் அளவைக் குறித்துத் தந்த காவலர் அண்ணனுக்கும், பாடவேளைகளை விட்டுக்கொடுத்த சக ஆசிரியர்களுக்கும் நன்றி.

"தேர்வு நேரத்தில் இது எதற்கு?" என்று கேட்ட பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் கேட்டதால்தான் இந்தக் கணக்குகளைத் தசமப் பெருக்கல் பாடத்தோடு இணைத்தோம். பிள்ளைகளுக்கு இரண்டுமே நன்றாகப் புரிந்தன.

அளவுக் குறிப்பேடு இப்போது ஏழாம் வகுப்பின் கையில் இருக்கிறது. மாடிக் குழாய் ஒன்று மறுபடி ஒழுகுவதாக அக்கா நேற்றுச் சொன்னார். சனிக்கிழமை காலை அவர்கள் ஸ்பேனரோடு போகிறார்கள்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை