எங்கள் பள்ளிவாசலை நிமிர்த்தித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

இஸ்தான்புல் எதிர்னேகாபியில், மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசலுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவன் நான். இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

1999 ஆகஸ்ட் 17, விடியற்காலை மூன்று மணி. நிலநடுக்கத்தின் மையம் இஸ்மித் நகரத்துப் பக்கம். அங்கே போன உயிர்களுக்கு முன்னால் எங்கள் சேதம் பேசத் தக்கதே இல்லை. ஆனாலும் விடிந்ததும் தெருவே அண்ணாந்து பார்த்தது மினாராவைத்தான். நின்றுகொண்டுதான் இருந்தது. குவிமாடம் அடிபட்டிருக்கிறது, மினாராவின் மேல்பகுதியைத் திரும்பக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று அப்புறம் சொன்னார்கள்.

இந்தக் கட்டடத்துக்கு இது புதிதில்லை. 1719, 1766, 1814, 1894 என்று அடி வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. காரணம் உண்டு: உயரமான குன்று, 20 மீட்டர் அகலக் குவிமாடத்தை நாலு பெரிய வளைவுகள் தாங்க, நடுவில் சுவர் முழுக்க ஜன்னல்கள். இதைக் கட்டிய கட்டடக் கலைஞர் சினான் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுவிட்டார். (பள்ளிவாசலைக் கட்டச் சொன்ன இளவரசி மிஹ்ரிமா மேல் அவருக்குக் காதல் என்று வழிகாட்டிகள் அளக்கும் கதையை நம்பாதீர்கள். கட்டும்போது மனிதருக்கு எழுபது தாண்டியிருந்தது.)

சாரம் கட்டிய பிறகு வருஷங்கள் ஓடின. முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். "சிமென்ட்டைக் குழைத்து அப்பினால் ஒரு மாசத்து வேலை" என்று டீக்கடையில் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்தச்சர் கோபப்படவில்லை. கையோடு உள்ளே அழைத்துப் போனார்.

இரண்டு கற்களை ஒட்டி வைத்து, மேலே பள்ளம் வெட்டியிருந்தது. அதில் இரும்புக் கவ்வி ஒன்றைப் பொருத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றினார். சீறியது, ஒரு நிமிஷத்தில் வெள்ளிபோல் இறுகியது. "இரும்பு கல்லைப் பிரிய விடாது. ஈயம் இரும்பைத் துருப்பிடிக்க விடாது, பூமி ஆடினால் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். உங்கள் சிமென்ட்டுக்கு அது தெரியாது" என்றார். சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த கலவை ஒரு தொட்டியில் இருந்தது. அதைத் தொடப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

அந்தத் தட்டுக்குத்தான் முதல் நன்றி. நாங்கள் அவசரப்படுத்தியும் நீங்கள் அவசரப்படவில்லை.

குவிமாடத்துக்கு ஈயத்தகடு போர்த்தியவர்களுக்கும், சாந்துச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதித்தவர்களுக்கும், வக்ஃபு இயக்ககத்தாருக்கும் நன்றி. கட்டடம் எப்படி ஆடுகிறது என்று அளக்கக் கருவி பொருத்திய காந்தில்லி நிலநடுக்க ஆய்வகத்தாருக்கும்தான். நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல அது எனக்குப் பெரிய ஆறுதல். ஜும்மாவுக்கு எங்களுக்கும் இடம் விட்டு நெருக்கி உட்கார்ந்த பக்கத்து ஜமாஅத்தாரை மறக்க முடியாது.

ஒன்று பாக்கி. உங்கள் சாரப் பலகைகள் இரண்டு இன்னும் என் கொல்லையில் கிடக்கின்றன. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஜமாஅத்தில் ஒருவன்