நிலாவை விட்டுவிடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பௌர்ணமி நிலா பூமிக்கு மிக அருகில் வருவதுதான் சூப்பர் மூன். அடுத்த சூப்பர் மூனுக்கும் "பூமி குலுங்குமா?" என்று சிவப்பு எழுத்தில் ஓடவிடத்தான் போகிறீர்கள். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு இல்லை என்பது உங்கள் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜோதிடர், "சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதானே?" என்பார்.

பௌர்ணமிதான். இலங்கையில் அன்று போயா விடுமுறைகூட. ஆனால் அன்று நிலா 4 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், பூமியிலிருந்து ஏறக்குறைய மிகத் தொலைவான இடத்தில் இருந்தது. சூப்பர் மூனுக்கு நேர் எதிர்! ஜப்பானை உலுக்கிய 2011 மார்ச் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதச் சூப்பர் மூன் வந்தது எட்டு நாள் கழித்து, 19-ஆம் தேதி. நிலநடுக்கத்தன்று இருந்தது கிட்டத்தட்ட அரைநிலா. 2015 ஏப்ரல் 25, நேபாளம்: அதுவும் அரைநிலாதான்.

அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் சேர்த்து, முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டுக்கொடுத்தால் மாதத்தில் பத்து நாள் ஆகிவிடும். மூன்றில் ஒரு நிலநடுக்கம் சும்மாவே அதற்குள் விழும். ஜோதிடருக்கு வேறென்ன வேண்டும்?

நிலாவுக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடலை இழுக்கும் அதே ஈர்ப்பு தரையையும் இழுக்கிறது. கெட்டி நிலமே சில இடங்களில் ஓரடி வரை ஏறி இறங்குகிறது. அதனால் பாறைப் பிளவுகளில் கூடும் அழுத்தம் சில கிலோபாஸ்கல். பெரிய நிலநடுக்கத்தில் விடுபடுவதோ அதைப்போல் ஆயிரம் மடங்கு. வண்டி கொள்ளாமல் மயிலிறகு ஏற்றினால் அச்சு முறியும், சரி. ஆனால் வண்டி வண்டியாக ஏற்றியது நூற்றாண்டுகளாக நகரும் நிலத்தட்டுகள். நிலா வைப்பது ஓர் இறகு. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் நில அதிர்வியலாளர் சதோஷி இடே (Satoshi Ide) என்பவரின் குழு 2016-இல் கண்டதும் இந்த அளவுதான்: இந்த இழுப்பால் பாறையில் கூடும் ஓத அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது சிறு அதிர்வு பெரிதாக வளரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அதற்குக்கூடத் திதி பார்த்தால் போதாது. அந்தப் பிளவு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். பெரிய நிலநடுக்கங்கள் நிலாவின் பிறை பார்த்து வருகின்றனவா என்று 2018-இல் ஆராய்ந்த அமெரிக்க நில அதிர்வியலாளர் சூசன் ஹஃப், கட்டுரைச் சுருக்கமாக எழுதியது ஒரே சொல்: "இல்லை."

2004-இல் நமக்கு இல்லாமல் போனது ஜோசியம் அல்ல. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் நடுக்கம். சென்னையில் சிலர் அதை உணரவும் செய்தார்கள். அலை இங்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் கடற்கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அந்த எச்சரிக்கை கடலோரக் குப்பத்துக்கு எப்படி வந்து சேர்கிறது, கடல் திடீரென்று உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையெல்லாம் உங்கள் சூப்பர் மூன் அரைமணி நேரத்தில் காட்டுங்கள். ஜோதிடருக்கு ராசிபலன் நேரம் இருக்கவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்