சாவியை எடுத்து வை

பக்ஸ்டன், இங்கிலாந்து,
ஞாயிறு ராத்திரி

மாப்ள,

பதினாலு மாசமா ஒரு வரி எழுதலை. தப்பு என்னுதுதான், திட்டறதை நேர்ல வர்றப்போ திட்டிக்க. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மா போன வாரம் போன்ல அரை மணி நேரம் உன் பேச்சுத்தான் பேசுச்சு. தீபாவளிக்கு நீ கொண்டு போய்க் கொடுத்த முறுக்கு நமத்துப் போச்சாம். தங்கச்சி காதுல போட்டுடாத.

உன் வாய்ஸ் மெசேஜை மூணு தடவை கேட்டேன். நாலு நிமிஷத்துல மூணு நிமிஷம் தேங்காய் விலை. கடைசியில போற போக்குல ரெண்டே வரி: "யமஹா ஆர்எக்ஸ் பைக்கை ஆறு வருஷம் கழிச்சு வெளிய எடுத்தாச்சு. சூடானா தானா ரைஸ் ஆகுது, ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைச்சு விட்டுட்டேன். பையன் அடுத்த வாரம் அதுல ஆசனூர் போறான்." அந்த ரெண்டு வரிக்குத்தான் இந்தக் கடிதம். போன்ல சொன்னா பாதியில குறுக்கப் பேசுவே. எழுதினா பட்டறைச் செவுத்துல ஒட்டி வெச்சாவது படிப்பே.

முதல்ல எந்திரிச்சுப் போய் மருமகன் கையில இருந்து சாவியை வாங்கி வை. அப்புறம் மேல படி.

ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே என்ஜின் வேகம் ஏறற இதே வியாதியோடதான் ரெண்டு மாசமா நான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஆர்எக்ஸ்ல இல்லை, இங்க வாங்கின யமஹா டிஒய் 175 ட்ரயல்ஸ் பைக்ல. ட்ரயல்ஸ்னா நீ இன்னும் ரேஸுன்னே நினைச்சுட்டு இருக்கே. வேகத்துக்கு அங்க வேலையே இல்லை. ஓடைக்குள்ள, பாசி பிடிச்ச பாறை மேல, மரவேர் மேல ஒரு பாதை குறிச்சு வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு செக்‌ஷன். நடந்து போற வேகத்துல கால் ஊனாம கடக்கணும். ஒரு தடவை கால் ஊனினா 1, ரெண்டு தடவைன்னா 2, அதுக்கு மேல எத்தனை ஊனினாலும் 3. விழுந்தாலோ வண்டி நின்னாலோ 5. கடைசியில யாருக்குக் குறைச்சலோ அவங்க ஜெயிச்சாங்க. சீட்டுன்னு பேருக்கு ஒரு துண்டு இருக்கும், யாரும் உக்கார்றதில்லை. நின்னுக்கிட்டேதான் ஓட்டறது.

இந்த டிஒய் வண்டிகளை யமஹாவுக்காக வளர்த்தெடுத்தவர் மிக் ஆண்ட்ரூஸ், எங்க டார்பிஷயர்க்காரர். ஸ்காட்லாந்துல நடக்கற ஆறு நாள் ட்ரயலை அஞ்சு தடவை ஜெயிச்சவர். மூணு தடவை ஓசா வண்டியில, 1974, 1975 ரெண்டு வருஷமும் யமஹால. அவர் கை பட்ட வரிசையில ஒரு வண்டி என் ஷெட்டுல நிக்குதுன்னு நினைச்சாலே ராத்திரி ஒருக்கா எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு வரத் தோணும். 171 சிசி, ரீட் வால்வு, மிக்குனி கார்ப்ரேட்டர். நம்ம ஆர்எக்ஸுக்குப் பெரியப்பா மகனாட்டம். முதல் தடவை உதைச்சப்போ அந்தச் சத்தத்துல நம்ம மெக்கானிக் பாயோட பட்டறை வாசலே கண்ணு முன்னால வந்துருச்சு.

மார்ச் மாசம் ஒரு போட்டியில நாலாவது செக்‌ஷன். பத்தடி இறக்கம், கீழ ஓடை. அந்த மாதிரி இடத்துல ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டுட்டு கிளட்ச்ல ஒரு விரல், பிரேக்ல ஒரு விரல் வெச்சு இறங்கணும். என்ஜின் அணையவும் கூடாது, வண்டியைத் தள்ளவும் கூடாது. வண்டி பாதியில பொட்டுனு அணைஞ்சுது. அஞ்சு பாயிண்ட். கையை விட்டப்போ என்ஜின் ஓடற வேகத்தை வைக்கற ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் சுத்து ஏத்தினேன். அடுத்த இறக்கத்துல எதிர் வியாதி: கையை விட்டும் ரைஸ் இறங்கவே இல்லை, பின்னாலிருந்து யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி பாறை மேல கொண்டு போய் இடிச்சுது. குளிர்ல ஒரு மாதிரி, சூட்டுல ஒரு மாதிரி. காலையில செட் பண்ணினது மத்தியானம் இருக்காது.

கார்ப்ரேட்டரைக் கழட்டினேன். ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடற ஸ்லோ ஜெட் ஓட்டை எவ்வளவு சின்னதுன்னு உனக்குத் தெரியும், வெளிச்சத்துல பிடிச்சாத்தான் தெரியும். பாதி அடைச்சிருந்துது, பச்சையா. இங்க 2021 செப்டம்பர்ல இருந்து சாதா பெட்ரோல்ல 10 விழுக்காடு வரைக்கும் எத்தனால். டேங்க்ல தங்கினா ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். கம்பி போட்டுக் குத்தலை. கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும்னு பாய் விரல்ல ஸ்பேனரால தட்டினது இன்னும் வலிக்குது. தூண்டில் நரம்பு விட்டு, ஸ்ப்ரே அடிச்சு, காத்து ஊதிச் சுத்தம் பண்ணினேன். ஸ்லைடுக்கு முன்னால இருக்கற ஊசி முனை ஓட்டை ரெண்டையும் மறக்கலை. ஸ்லோவுல காத்து அளவை வைக்கற ஏர் ஸ்க்ரூவை லேசா உக்கார வெச்சு ஒன்றரை சுத்து வெளிய எடுத்தேன். அணையறது நின்னுச்சு. ரைஸ் இறங்காதது அப்படியே இருந்துச்சு.

அப்புறம் கேபிள். ஹேண்டிலை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பினா ரைஸ் மாறுச்சு. கேபிளை டேங்குக்கு அடியில வேற வழியா விட்டேன், அந்த மாற்றம் போச்சு. மூல வியாதி போகலை. கார்ப்ரேட்டரை என்ஜினோட சேர்க்கற மேனிபோல்டு ரப்பர்ல மயிர்க்கோடு மாதிரி விரிசல், அதையும் மாத்தினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ரீட் இதழ்களைக் கழட்டி வெளிச்சத்துல பார்த்தேன், ஒழுங்கா மூடுது. ஏப்ரல் முழுசும் இப்படியே போச்சு. வீட்ல எல்லாரும் என்கிட்டப் பேசறதையே விட்டுட்டாங்க. எனக்கோ தூக்கத்துல கூட அந்தச் சத்தம்தான். பெட்ரோல் வாடை இல்லாத சட்டை ஒண்ணு கூட இல்லை.

ஒரு ராத்திரி வண்டி கொதிக்கக் கொதிக்க ரைஸ்ல கத்திட்டு இருக்கறப்போ கை தானா சோக்கைத் தூக்குச்சு. தூக்கின உடனே ரைஸ் இறங்கி, அமைதியா டப்பு டப்புனு ஓட ஆரம்பிச்சுது. சோக் போட்டுப் பெட்ரோல் சேர்த்தா சரியாகுதுன்னா எங்கயோ காத்து சேருதுன்னு அர்த்தம். கார்ப்ரேட்டர் வழியா வராத காத்து. பாய் என்ன சொல்வார்? "முதல்ல காத்தைத் தேடு, அப்புறம் பெட்ரோலைத் தேடு." நான் தலைகீழாப் பண்ணியிருந்தேன்.

டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் முதல்ல பிஸ்டனுக்குக் கீழ இருக்கற கிராங்க் அறைக்குள்ளதான் போகுது. கிராங்க்கோட ரெண்டு முனையிலயும் ஆயில் சீல். மேக்னட் பக்கச் சீலோட ரப்பர் வாய் வருஷக்கணக்கா ஓடாம நின்னா காஞ்சு எலும்பாட்டம் ஆயிடும். பிஸ்டன் மேல போறப்போ கிராங்க் அறை இழுக்கும், அந்த வாய் வழியா வெளிக்காத்து உள்ள வரும். கார்ப்ரேட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஸ்லோவுல உள்ள போற கலவையே ஒரு சொட்டு, அதுல கொஞ்சம் காத்து சேர்ந்தாலும் பெரிய மாற்றம். அதனாலதான் ஸ்லோவுல காட்டிக் கொடுக்குது. முழு ஆக்ஸிலேட்டர்ல சத்தம் நல்லா இருக்கும், பிக்கப் கூட பிரமாதமாத் தெரியும். உள்ள பிஸ்டன் வெந்துட்டு இருக்கும்.

ஒரு பழைய பிபி கருவி வாங்கினேன், கையில அமுக்கற பல்பும் டயலும் இருக்கறது. மேனிபோல்டையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் ட்யூப் ரப்பர் வெச்சு அடைச்சு, பிஸ்டனைக் கீழ இறக்கி, ப்ளக் ஓட்டை வழியா காத்து ஏத்தினேன். டயல்ல 300 வரைக்கும் ஏத்தினா ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதுக்கு மேல போனா நல்ல சீலும் மடங்கிடும். ஊசி என் கண்ணெதிர சரிஞ்சுது. மேக்னட்டைக் கழட்டி, பின்னால சோப்புத் தண்ணி தடவினேன். சீலைச் சுத்தி பொங்கல் பானையாட்டம் நுரை.

அங்கயே தரையில உக்கார்ந்துட்டேன் மாப்ள. சந்தோஷத்துல இல்லை. நம்ம கூட்டாளி "கடலை"யோட ஞாபகம் வந்துருச்சு.

1996ல அவன் திம்பம் மலைப்பாதையில வண்டியோட விழுந்ததுக்கு முந்தின வாரம் பட்டறைக்கு வந்து என்ன சொன்னான்? "வண்டி செம பிக்கப் மாப்ள, தானா ரைஸ் ஆகுது." நாம மூணு பேரும் சிரிச்சோம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஸ்லோ ஸ்க்ரூவை ஒன்றரைச் சுத்து குறைச்சு விட்டது நான். என் கையாலதான். ரைஸ் இறங்குச்சு, அவன் கிளம்பிப் போனான். அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்டுல அடிச்சு ஏத்திட்டுப் போறப்போ பிஸ்டன் பிடிச்சு, பின் சக்கரம் பூட்டுப் போட்டாப்ல நின்னுருச்சு. எதிர்ல வந்த லாரிக்காரர் பிரேக் அடிச்சதால இன்னைக்குக் கடலைக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. பாய் பிரிச்சுப் பார்த்துட்டு "காத்து வாங்கியிருக்கு"ன்னு ஒரே வார்த்தை சொன்னார். நாம கார்ப்ரேட்டரைச் சொல்றார்னு நினைச்சோம். அந்த ஸ்க்ரூ விஷயத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவன் நடக்கறதைப் பார்க்கறப்போ எல்லாம் தொண்டை வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன். இன்னைக்குத்தான் உனக்கு எழுதறேன். அவனுக்கும் எழுதணும்.

ஸ்க்ரூ வியாதியைத் தீர்க்கறதில்லை, அதைச் சொல்ற வாயைத்தான் அடைக்குது. இப்போ நீ பண்ணியிருக்கறதும் அதேதான். போதாததுக்கு இப்போ உங்க பங்க்ல போடறது 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கு, பழைய ஜெட் அளவுக்கு அதுவே கலவையைக் கொஞ்சம் இளைக்க வெச்சிடும். அது மேல சீல் வழியா காத்து வேற. பதினெட்டு வயசுப் பையன் பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசியும் மெதுவாவா ஏறுவான்?

நாளைக்குக் காலையில வண்டியைச் சூடாக்கி ரைஸ் ஏறினதும் சோக்கைத் தூக்கிப் பாரு. இறங்குச்சுன்னா பாதி பதில் கிடைச்சாச்சு. மேனிபோல்டைச் சுத்திக் கார்ப் க்ளீனர் கொஞ்சமா அடி, சைலன்சர் பக்கம் போகாத, பத்திக்கும். சத்தம் மாறினா அங்கதான் ஓட்டை. மாறலைன்னா பிபி கருவி. தங்கச்சி கிளினிக்ல ஓரமாக் கிடக்கும், கேட்டு வாங்கு, திருடாத. ஆயில் பம்ப்ல இருந்து வர்ற ட்யூப் எங்க நுழையுதோ அதையும் அடைக்க மறந்துடாத, இல்லைன்னா நல்ல என்ஜினே காத்து விடறதாக் காட்டும். மேக்னட்டுக்குப் புல்லர் போட்டுத்தான் கழட்டணும். சுத்தியலைத் தொட்டேன்னு கேள்விப்பட்டா அடுத்த ப்ளைட்ல வந்து நிப்பேன். புதுச் சீல் வாய்க்கு கிரீஸ் தடவி, நேரா உக்கார வை. கிளட்ச் பக்கச் சீலையும் விட்டுடாத. அது போனா கியர் ஆயில் உள்ள போய் வெள்ளைப் புகையா வரும், கியர் ஆயில் அளவும் குறைஞ்சிருக்கும். கடைசியா ஏர் ஸ்க்ரூ. எல்லாம் சரியான அப்புறம்தான் அதுல கை வை.

என்னுது இப்போ எப்படி ஓடுதுன்னு கேளு. போன சனிக்கிழமை அதே நாலாவது செக்‌ஷனுக்குத் தனியாப் போனேன். ஆக்ஸிலேட்டரை விட்டேன், ஒவ்வொரு அடியையும் விரல் விட்டு எண்ணலாம், அவ்வளவு நிதானம். ஓடைத் தண்ணிச் சத்தம் என்ஜின் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. கால் ஊனலை.

உன் வண்டியில கழட்டற பழைய சீலைத் தூக்கி எறியாத. நகத்தால வாயை அழுத்திப் பாரு, மடங்குதா உடையுதான்னு எனக்குச் சொல்லு. மருமகனுக்கு நான் திட்டினதாச் சொல்லாத, சீல் மாத்தறப்போ பக்கத்துல உக்கார வெச்சுக்க. ஆசனூருக்கு இந்தத் தடவை பஸ்ல போகட்டும். கடலையோட இப்போதைய விலாசத்தை அனுப்பு.

உன்
மாப்ள